இரண்டு நாய்ச் சட்டத்துக்கு என் ஆட்சேபனை

"செயலாளர் அவர்களுக்கு, ஐயா" என்றுதான் முதலில் எழுதினேன். மேசையில் நாலு தாள் அப்படித் தொடங்கிக் கிடக்கின்றன. ஒன்றிலும் இரண்டாவது வரி இல்லை. உன்னை ஐயா என்று எழுத எனக்குக் கூச்சம் கிடையாது. ஊர்ச் சபைக்கு எழுதுகிற எவரும் அப்படித்தான் எழுத வேண்டும், நீயும் அந்த மரியாதைக்குரிய கதிரையில் இருக்கிறாய். ஆனால் ஐயா என்று தொடங்கினால் நான் சொல்ல வந்தது தாளுக்கு வரமாட்டேன் என்கிறது. ஆகவே, மகனே என்று தொடங்குகிறேன். சபைக் கோவையில் சேர்த்துக் கட்டும்போது தலைப்பை நீ திருத்திக்கொள்.

சந்தைச் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலை எனக்கு வாசித்துச் சொன்னவர் காசிம் நானா. கிண்ணியாவில் நெல்லுக் கிடங்கு வைத்திருக்கும் காசிம் நானாவை நீ மறந்திருக்க மாட்டாய். சின்ன வயதில் உன்னைத் தன் லொறியில் ஏற்றிக்கொண்டு கந்தளாய்க்குப் போய் வந்தவர். அன்றைக்கு நான் கண்ணாடியை வீட்டிலே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவர் விரலால் வரிவரியாகத் தொட்டுப் படித்தார். ஒரு வீட்டில் இரண்டு நாய்க்கு மேல் வைத்திருக்கக் கூடாது. சபையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் பெட்டை நாயைக் குட்டி போட விடக் கூடாது. குடிமனைகளுக்கு நடுவே நாய்க்கூடுகள் கூடாது. நாய் உள்ள வீட்டின் வாசற் படலை எந்நேரமும் கொழுக்கி மாட்டிக் கொழுவப்பட்டிருக்க வேண்டும். எண்ணிக்கைக்கு மேற்பட்ட நாய்களை ஒரு மாதத்துக்குள் சபையிடம் ஒப்படைத்துவிட வேண்டும். நானாவுக்கு வாயில் எப்போதும் பகிடிதானே. "எழுத்துமூலம் அனுமதி எடுத்துப்போட்டுத்தான் குட்டி போடோணும் எண்டு உங்கட பெட்டைக்கு ஆர் சொல்லிக் குடுக்கிற?" என்று சிரித்தார். பிறகு விரல் தாளின் அடிக்குப் போனது. சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "மகன்ட ஒப்பம் கிடக்கு," என்றார்.

படலை பற்றிய வரியை மட்டும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்டார். சும்மா என்றேன். அது சும்மா இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஒப்பத்துக்கு மேலே இன்னொரு வரியும் இருந்தது: ஆட்சேபனை உள்ளவர்கள் எழுத்தில் தர வேண்டும், வந்தவற்றைச் செயலாளர் பொதுக் கூட்டத்தில் வாசிப்பார். உன் அலுவலகத்துக்குப் போய், வேறு யாராவது வாசிக்கலாமா என்று வாசலில் இருந்தவரிடம் கேட்டேன். "இல்லை ஐயா, செயலாளர்தான் வாசிக்கோணும், எவ்வளவு நீளமெண்டாலும் வாசிக்கோணும்," என்றார். நீ உள்ளே இருந்தாய், குனிந்து எழுதிக்கொண்டிருந்தாய். உன் உச்சந்தலையில் முடி குறைகிறது. நான் கூப்பிடவில்லை.

நீ மாற்றலாகி இந்த ஊருக்கு வந்து ஏழு மாதமாகிறது. வழியில் காண்கிறவர்கள் எல்லாரும், "மகன் வந்திட்டார், இனி உங்களுக்கென்ன குறை," என்கிறார்கள். ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டு போகிறேன். அலுவலகத்துக்குப் பக்கத்து விடுதியில் நீ இருக்கிறாய். அங்கிருந்து நம் வீட்டுக்குச் சைக்கிளில் வர, அடுப்பில் வைத்த உலை கொதிப்பதற்குள் வந்துவிடலாம். இந்த ஏழு மாதத்தில் இரண்டு தரம் வந்தாய். ஒன்று அம்மாவின் ஆண்டுத் திவசம். மற்றது சபையின் ஜீப்பில் நம் ஒழுங்கைத் தெருவின் வாய்க்காலை அளக்க வந்தபோது. வெளியே நின்றபடி, "சுகமோ அப்பா?" என்று கேட்டாய். "ஓம், சுகம்," என்றேன். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை, வரட்டுமா என்று நீயும் கேட்கவில்லை. போகுமுன் படலைக் கொழுக்கியைத் தொட்டுப் பார்த்தாய். ஜீப்பில் ஏறப் போனவன் திரும்பி வந்து இன்னொரு தரம் தொட்டுப் பார்த்தாய்.

கூட்டத்தில் இருக்கிற மற்றவர்களுக்கு எங்கள் வீட்டு நாய்களின் கதை தெரியாமல் இருக்கலாம், ஆகையால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போன வருடம் நான் டொக்யார்ட்டில் கயிற்று ஸ்டோரில் வேலை. கப்பலில் நாயை ஏற்ற விடமாட்டார்கள் என்று ஒரு துரை தன் கறுப்புப் பெட்டை நாயை என் கையில் தந்துவிட்டுப் போனார். லேடி என்று பெயர். தண்ணீரைக் கண்டால் நிற்காது, குதித்துவிடும். தமிழில் வா என்றால் காதை மட்டும் ஆட்டும், ஆங்கிலத்தில் சொன்னால்தான் எழுந்து வரும். உன் அம்மா அதைப் பார்த்து, "வெள்ளைக்காரன் போனாலும் அவன்ர கவுண்மேந்து எங்கட குசினி வாசலிலை கிடக்கு," என்பாள். அம்மாவின் வாய்க்கு அந்த நாயே பிறகு தமிழ் படித்துக்கொண்டது.

லேடி போட்ட குட்டிகளை நான் விற்றதில்லை. கேட்கிறவர்களுக்குக் கொடுத்தேன், ஆனால் எந்தக் குட்டி யாருக்கு என்று தெரிந்தெடுப்பது என் வேலை. குட்டிகளுக்கு இரண்டு மாதமானதும் கரைக்குக் கொண்டுபோவேன். ஒரு தேங்காய் மட்டையை முழங்கால் தண்ணீரில் எறிவேன். முதல் பாய்கிற குட்டி சல்லி மீன்காரருக்கு. வலையிலிருந்து அறுந்துபோகிற மிதப்புக் கட்டைகளை நீந்திப் பிடித்து வரும். பாயாமல் கரையில் நின்று குரைக்கிறது கந்தளாய் வயல்காரருக்கு. பன்றி வந்தால் அதட்டத் தெரியும். எறிந்த மட்டையைப் பார்க்காமல் எறிந்த என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது கிடங்குக் காவலுக்கு. காசிம் நானாவுக்குக் கொடுத்தது அப்படி ஒன்று. தொடமாட்டார், தங்கள் மார்க்கத்தில் அது ஆகாது என்பார். ஆனால் அதற்குரிய சோற்றைத் தானே கொண்டுபோய்த் தூரத்தில் வைத்துவிட்டு, அது தின்று முடியும்வரை நின்று கதைத்துக்கொண்டிருப்பார். அது செத்த அன்று எங்கள் வளவில் வந்து ஒரு பகல் முழுக்க இருந்துவிட்டுப் போனார். நான் பார்த்துத் தெரிந்து கொடுத்த குட்டி ஒன்றும் பிழையாய்ப் போனதில்லை என்று எனக்கு அந்த நாளில் பெரிய பெருமை. தெரிவது என்பது எனக்குக் கைவந்த வேலை என்று நினைத்திருந்தேன்.

இப்போது என்னிடம் ஐந்து நாய்கள். எல்லாம் லேடியின் வழியில் வந்தவை. ஒவ்வொரு வருடமும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோய் ஊசி போட்டு, பதிவுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டுதான் வருகிறேன். உன் சட்டத்தின் மேல் எனக்குள்ள முதல் ஆட்சேபனை இதுதான். இந்தச் சட்டம் வரக் காரணமாக, பின்தெருவில் ஒரு பெண்பிள்ளையைக் கடித்த வெறி பிடித்த விசர் நாய் எவருடைய பதிவுப் புத்தகத்திலும் இல்லை. அதற்கு வீடும் இல்லை, ஊசியும் இல்லை, சோறு வைக்க ஆளும் இல்லை. அதைப் போல இன்னும் எத்தனையோ மீன் காயப்போடுகிற இடத்தில் படுத்துக் கிடக்கின்றன. அவற்றை எண்ண உங்களிடம் புத்தகம் இல்லை. எங்களை எண்ணப் புத்தகம் இருக்கிறது, ஏனென்றால் நாங்களாகவே வந்து எழுதினோம். உங்கள் கைக்கு எட்டுகிறவனைப் பிடிக்கிறீர்கள். நாளைக்கு ஒருவனும் பதியமாட்டான், ஊசிக்கும் கொண்டுவரமாட்டான், மூன்றாவது நாயைக் குசினி அடுப்படிக்குப் பின்னால் ஒளித்து வைப்பான். அது விசர் பிடித்தால் யாருக்கும் தெரியவராது. பிள்ளைகளைக் காப்பாற்றுகிற வழி அதுவல்ல. எல்லா நாய்க்கும் சபையே தெருத்தெருவாக வந்து ஊசி போடட்டும். நானும் கூட வருகிறேன், பிடித்துத் தருகிறேன்.

அந்தப் பிள்ளையின் தகப்பனும் கூட்டத்துக்கு வருவார் என்று தெரியும். நான் அவர் வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும், நாய்க்காரன் வந்திருக்கிறான் என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். அவர் கதிரையை இழுத்துப் போட்டார். அதில் கொஞ்சம் இருந்துவிட்டு வந்தேன். அவர் எழுந்து நின்று, உன்னுடைய ஐந்தையும் கொண்டுவா என்று கேட்டால், நான் மறுபேச்சுப் பேசமாட்டேன். ஆனால் அவர் கேட்கவில்லை. சட்டம் கேட்கிறது. எந்த இரண்டு வேண்டும், நீயே தெரிந்து சொல் என்று கேட்கிறது. என் இரண்டாவது ஆட்சேபனை அதற்குத்தான். ஒரு மனிதனிடம் இப்படியொரு தெரிவைக் கொடுத்தால் அவன் என்ன செய்வான் என்று சபைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒருதரம் செய்திருக்கிறேன்.

மகனே, இனி நீ வாசிக்கப்போவது உனக்குக் கஷ்டமாக இருக்கும். தண்ணீர் குடித்துவிட்டு வாசி.

உனக்குப் பதினொரு வயது. சல்லி அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போய் வந்தபோது ஒரு காது கிழிந்த ஊர் நாய்க்குட்டி ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தாய். மணியன் என்று பெயர் வைத்தாய். நான் மட்டையை எறிந்து பார்த்தேன். அவன் தண்ணீருக்குப் பாயவும் இல்லை, குரைக்கவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. உன் காலடியில் படுத்துவிட்டான். "இது ஒண்டுக்கும் உதவாது," என்றேன். "எனக்கு உதவும் அப்பா," என்றாய். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. சிரித்திருப்பேன்.

அந்த வருடமும் இப்படித்தான் விசர் நாய்ப் பயம் வந்தது. கழுத்தில் பித்தளைத் தகடு இல்லாமல் தெருவில் காணும் நாயைப் பிடித்துக்கொண்டு போக வண்டில் வந்தது. ஊசி போட்டபின் தகடு தருவார்கள். அந்தமுறை தகடுகள் குறைவாக வந்துவிட்டன, வீட்டுக்கு ஒன்றுதான், மற்றது அடுத்த கிழமை என்று சொல்லி எனக்கு ஒன்றைத் தந்தார்கள். லேடி கூட்டுக்குள் அடைபட்டிருந்தது. வயிற்றில் குட்டி, நாள் நெருங்கியிருந்தது. தகட்டை நீ மணியனுக்குக் கேட்டாய். கொடுத்தேன். நீயே தும்பு திரித்துக் கயிறு செய்தாய். கயிற்று ஸ்டோரில் நாங்கள் போடுகிற முடிச்சை நான்தான் உனக்குக் காட்டித் தந்திருந்தேன், இழுக்க இழுக்க இறுகுமே ஒழிய நழுவாத முடிச்சு. அதைப் போட்டு, என்னிடம் கொண்டுவந்து காட்டினாய். நல்ல முடிச்சு என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலை நீ பள்ளிக்கூடம் போய்விட்டாய். நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். அம்மா கிணற்றடியிலிருந்து ஓடிவந்தாள். "வண்டில் முடக்கிலை நிக்குது. லேடியைக் காணேல்லை, கூட்டுக்குக் கீழாலை கிண்டிக்கொண்டு போட்டுது," என்றாள். எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும், கடலுக்குத்தான். மணியன் மாமரத்தடியில் இருந்தான். தகட்டைக் கழற்றப் பார்த்தேன். முடிச்சு அசையவில்லை. நகத்தால் பார்த்தேன், பல்லால் பார்த்தேன். கடைசியில் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து அறுத்தேன். ஏதோ விளையாட்டு என்று நினைத்துக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தான். நான் தகட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். படலையைத் திறந்தவன் நான். திருப்பிக் கொழுவாமல் ஓடியவனும் நான்.

கரையில் லேடியைப் பிடித்து வலை நூலால் தகட்டைக் கட்டிவிட்டுத் திரும்பினால், மணியன் எனக்குப் பின்னால் தெருவரைக்கும் வந்திருந்தான். சுருக்குத் தடி அவன் கழுத்தில் ஏற்கெனவே விழுந்துவிட்டது. வண்டில்காரர் பொல்லாத மனிதர் இல்லை. என்னையும் லேடியையும் பார்த்துவிட்டு, "ஐயா, இதுவும் உங்கட நாயோ?" என்று கேட்டார். "இல்லை," என்றேன். மணியன் என்னைக் கண்டு வாலை ஆட்டினான். அவர் அதைக் கவனித்தார். "உங்களைக் கண்டு வாலாட்டுதே, உங்கட இல்லையோ?" என்றார். "இல்லை, அது எல்லாரையும் கண்டு ஆட்டும்," என்றேன்.

இரண்டு தரம் கேட்டார் மகனே. இரண்டு தரமும் இல்லை என்றேன். வழக்கு வரும், வேலைக்கு லீவு போட வேண்டும், ஒரு தகட்டுக்கு இரண்டு நாய் எப்படி என்று கேட்பார்கள் என்றெல்லாம் பயந்ததாகப் பிற்பாடு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். உண்மை அதுவல்ல. அந்த ஒரு நிமிடத்தில் நான் எண்ணிப் பார்த்தேன். லேடியின் வயிற்றிலிருந்த குட்டிகளை ஏழு பேருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். மணியன் உன் ஒருவனுக்குத்தான் வேண்டும். அப்படித்தான் தெரிந்தெடுத்தேன். பிறகு விசாரித்தபோது, சொந்தக்காரன் உண்டென்றால் மூன்று நாள் கட்டி வைத்திருந்து திருப்பித் தருவார்களாம். சொந்தக்காரன் இல்லாததை அன்றைக்கே முடித்துவிடுவார்களாம். நான் ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவன் இருந்திருப்பான்.

பள்ளிக்கூடத்தால் நீ வந்ததும் மணியனைத் தேடினாய். நான் முந்திக்கொண்டேன். ஒழுங்கை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினேன். "ஆரடா படலையைத் திறந்து விட்டது? கொழுவிப்போட்டுப் போகத் தெரியாதோ? முடிச்சும் ஒழுங்காப் போடேல்லை, தகடு கழண்டு விழுந்து கிடந்தது. வண்டில்காரன் கொண்டு போட்டான்!" வேலிக்கு மேலால் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நீ அழவில்லை. "நான் கொழுவிப்போட்டுத்தான் அப்பா போனனான்," என்றாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ போய்ப் படலையடியில் நின்று, கொழுக்கியைப் போட்டுப் போட்டு எடுத்துப் பார்த்தாய். வெகுநேரம் பார்த்தாய். பிறகு என்னிடம் வந்து, "மறந்துபோனன் போல கிடக்கு, அப்பா," என்றாய். செய்யாததைச் செய்தேன் என்று ஒரு பிள்ளையின் வாயாலேயே சொல்ல வைத்த தகப்பன் நான்.

அம்மாவுக்குத் தெரியும். அறுந்த கயிற்றை மாமரத்தடியில் அவள்தான் கண்டெடுத்தாள். உனக்கு முன்னால் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் அந்த மாதம் வரும்போது, சோறு போட்டுக்கொண்டிருக்கையில், "பிள்ளையிட்டைச் சொல்லுங்கோ," என்பாள். சொல்லுறன் என்பேன். நீ விடுதியில் தங்கிப் படிக்க மட்டக்களப்புக்குப் போக வேண்டும் என்று கேட்டபோதும் சொன்னாள். உனக்கு உத்தியோகம் கிடைத்த கடிதம் வந்தபோதும் சொன்னாள். பிறகு சொல்வதை விட்டுவிட்டாள். அவள் விட்டபிறகுதான் எனக்கு உண்மையில் பயம் பிடித்தது. அவள் நோயாய்க் கிடந்த கடைசி மாதத்தில், இன்றைக்காவது கேட்பாள், கேட்டால் உன்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் இருந்து பார்த்தேன். கேட்கவில்லை. என்னிடம் எதிர்பார்ப்பதை அவள் எப்போதோ நிறுத்திவிட்டாள்.

அதற்குப் பிறகு நீ ஒரு நாயையும் தொடவில்லை. புத்தகக் கட்டுக்கு மூன்று முடிச்சுப் போட்டாய். வீட்டைவிட்டு வெளியே போனால் பாதி வழியில் திரும்பி வந்து கொழுக்கியைப் பார்த்தாய். கவனமான பிள்ளை என்று வாத்திமார் மெச்சினார்கள், நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். உன்னிடத்தில் ஊர் மெச்சுகிற அந்தக் கவனம் நான் போட்ட பழி. காசிம் நானா அந்தப் படலை வரியை வாசித்தபோது, இது சபை எழுதியது இல்லை, உனக்குள்ளே இருக்கிற அந்தப் பதினொரு வயதுப் பிள்ளை எழுதியது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. வீடுவீடாக எல்லாருடைய படலையையும் நீ போய்க் கொழுவப் பார்க்கிறாய். தேவையில்லை மகனே. நீ கொழுவிவிட்டுத்தான் போனாய். உன் முடிச்சும் நல்ல முடிச்சு. முப்பது வருடம் கயிற்றோடு வேலை செய்த என் கைக்கே அது அவிழவில்லை.

இதை உன்னிடம் தனியே சொல்லியிருக்கலாம் என்று கூட்டத்தில் சிலர் நினைப்பார்கள். நான் பழி போட்டபோது ஒழுங்கையே கேட்டது. அதைத் திருப்பி எடுக்கும்போது காதுக்குள் சொல்வது நியாயம் இல்லை. அதற்காகத்தான் ஆட்சேபனையாக எழுதுகிறேன். உன் வாயால் ஊர் கேட்கட்டும். செயலாளர் வாசித்தால் அது கூட்டக் குறிப்பிலும் ஏறும் என்று சொன்னார்கள், அதுவும் நல்லதுதான்.

சபையாருக்கு என் கடைசி வார்த்தை. வீட்டுக்கு இரண்டு நாய் என்று நீங்கள் எழுதினால், ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் வளவில் நின்று எண்ண வேண்டிவரும். பிரயோசனமானதை வைத்துக்கொள்வார்கள். பிள்ளைக்கு மட்டும் வேண்டியதை விட்டுவிடுவார்கள். விட்டதற்கு ஒரு காரணமும் கண்டுபிடிப்பார்கள், அந்தக் காரணத்தை வீட்டிலே ஆகச் சின்ன ஆளின் தலையில் வைப்பார்கள். ஊசியைக் கட்டாயமாக்குங்கள், பதிவைக் கட்டாயமாக்குங்கள், வளர்க்கத் தெரியாதவனைக் கேள்வி கேளுங்கள். எண்ணிக்கையைச் சட்டமாக்காதீர்கள்.

இங்ஙனம்,
சபையின் பதிவுப் புத்தகத்தில் ஐந்து நாய்களுக்குச் சொந்தக்காரன் என்று எழுதப்பட்டிருக்கும் உன் தகப்பன்.

இதற்குக் கீழே உள்ளதைச் சபையில் வாசிக்காதே. இது உனக்கு மட்டும்.

நான் இப்போது ஒரு நாளில் எத்தனை பேரோடு கதைக்கிறேன் என்று நினைக்கிறாய்? பாண்காரன் வந்தால் ஒரு வார்த்தை. நானா கிண்ணியாவிலிருந்து வந்தால் அன்று நல்ல நாள். மற்ற நேரமெல்லாம் நாய்களோடுதான். சாப்பிட வாங்கோ என்று நான் சொன்னால் இந்த வீட்டில் எழுந்து வருவது அவைதான். குசினி வாசலில் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு நானும் அங்கேயே நிலத்தில் இருந்து சாப்பிடுகிறேன், மேசையில் இருந்தால் அம்மாவின் கதிரை எதிரில் தெரிகிறது. இதையெல்லாம் ஆட்சேபனையில் எழுதினால், கிழவன் இரக்கம் தேடுகிறான் என்பார்கள். உனக்கு எழுதலாம். எனக்குத் தனிமையாக இருக்கிறது மகனே. இதை உன்னிடம் சொல்ல எனக்கு இவ்வளவு வயது தேவைப்பட்டிருக்கிறது.

சட்டம் வந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன். ஒரு கிழவனின் கடிதத்துக்காகச் சபை நிற்காது, நிற்கவேண்டும் என்று நீ வாதாடவும் வேண்டாம், உன் உத்தியோகத்தைப் பார். ஆனால் வந்தால், ஐந்தில் எந்த இரண்டு என்று நான் தெரிந்தெடுக்கமாட்டேன். ராணிக்குக் கண் தெரியாது, என் காலடிச் சத்தத்தைக் கேட்டுத்தான் கோப்பைக்கு வருகிறது. கப்டன் இன்னமும் தினம் கடலுக்கு ஓடுகிறான். சின்னவள் வயிற்றில் குட்டி, உன் சட்டப்படி அதுவே குற்றம். மற்ற இரண்டும் விளையாட்டுப் பருவம், இன்னும் பெயர் வைக்கவில்லை. இவற்றில் எதையும் சுட்டி இது வேண்டாம் என்று என் வாய் இனிச் சொல்லாது. சபை என்ன செய்தாலும் செய்யட்டும்.

நீ வந்து தெரிந்தெடு. செயலாளராக வந்தாலும் சரி, மகனாக வந்தாலும் சரி, பகலில், சாப்பாட்டு நேரத்தில் வா. வந்து வளவுக்குள் நின்று, இது இருக்கட்டும், இது போகட்டும் என்று காட்டு. நீ காட்டுவதற்கு நான் ஒன்றும் சொல்லமாட்டேன். எதையும் காட்டாமல் சாப்பிட்டுவிட்டுப் போனாலும் ஒன்றும் சொல்லமாட்டேன். ஒன்றே ஒன்று, முதலில் ஐந்தும் சேர்ந்து உன்னைப் பார்த்துக் குரைக்கும். அவற்றில் ஒன்றுக்கும் உன்னைத் தெரியாது. பயந்து திரும்பிப் போய்விடாதே. நான் மெல்லத்தான் எழுந்து வருவேன், முழங்கால் முன்னைப்போல இல்லை. நான் வந்து, இது என்ர பிள்ளை என்று சொல்லும்வரைக்கும் அங்கேயே நில்.